கார்டிஃப் கூப்பிடாத பிள்ளை

1953 மார்ச் மாதம். வேல்ஸின் கார்டிஃப் துறைமுகத்தை ஒட்டிய ஏஞ்சலினா தெருவில், பதினொரு பிள்ளைகள் பிறந்த ஒரு வீட்டுக்கு வடக்கு இங்கிலாந்திலிருந்து சிலர் வந்திருந்தார்கள். விகன் என்ற சுரங்க நகரத்தின் ரக்பி லீக் கிளப் நிர்வாகிகள் அவர்கள். அந்த வீட்டின் ஆறாவது பிள்ளை பில்லி பாஸ்டனைத் தங்கள் அணிக்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார்கள். பில்லிக்கு வயது 18. போக இஷ்டமில்லை. அம்மா நெல்லி ஒரு வழி கண்டுபிடித்தார். மூவாயிரம் பவுண்டு கொடுத்தால் பையன் கையெழுத்துப் போடுவான் என்றார். அந்தப் பணத்தில் அன்று ஒரு வீடே வாங்கலாம். அவ்வளவு கேட்டால் வந்தவர்கள் எழுந்து போய்விடுவார்கள் என்பது அவர் போட்ட கணக்கு. அவர்கள் போகவில்லை, சரி என்றார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டுப் பில்லி அழுதார். பிற்காலத்தில் அவரே சொன்ன கதை இது.

கைநிறையப் பணம் வந்தும் ஏன் அழ வேண்டும்? அதற்குப் பதில் சொல்ல 1895க்குப் போக வேண்டும். ரக்பியை நடத்தியவர்கள் வசதி படைத்த கனவான்கள். விளையாட்டுக்குக் காசு வாங்குவது இழுக்கு என்பது அவர்கள் கொள்கை. வடக்கு இங்கிலாந்தின் ஆலைத் தொழிலாளிக்கும் சுரங்கத் தொழிலாளிக்கும் சனிக்கிழமையும் வேலைநாள். ஆட்டத்துக்குப் போனால் கூலி போய்விடும். அந்த இழந்த கூலியையாவது கொடுங்கள் என்று வடக்கத்திக் கிளப்கள் கேட்டன. முடியாது என்று பதில் வந்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டு நகரின் ஜார்ஜ் ஹோட்டலில் கூடி 22 கிளப்கள் தனியே பிரிந்தன. அதிலிருந்து பிறந்ததுதான் 13 பேர் ஆடும் ரக்பி லீக். பழைய 15 பேர் ஆட்டம் ரக்பி யூனியன் என்றானது.

பிரிந்து போனவர்களை யூனியன் கடைசிவரை மன்னிக்கவில்லை. லீக் கிளப் ஒன்றில் கையெழுத்துப் போட்ட வீரருக்கு யூனியனில் ஆயுள் தடை. வேல்ஸில் ரக்பி என்றால் யூனியன்தான். வேல்ஸ் அணியின் சிவப்புச் சட்டை ஒவ்வொரு சிறுவனின் கனவு. அந்தக் கனவுதான் பில்லியின் கையெழுத்தோடு முடிந்தது.

ஆனால் அந்தக் கதவு அவருக்கு என்றைக்காவது திறந்திருந்ததா? பில்லியின் அப்பா சியரா லியோனிலிருந்து வந்த கப்பல் தொழிலாளி. அம்மா ஐரிஷ் வம்சாவளி. அவர்கள் குடியிருந்த டைகர் பே, நிலக்கரிக் கப்பல்களோடு உலகத்தின் பல மூலைகளிலிருந்து வந்த மாலுமிகள் கரையேறிக் குடும்பம் நடத்திய பகுதி. அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் கார்டிஃப் கிளப்பின் புகழ்பெற்ற மைதானம். பில்லி பள்ளிச் சிறுவர் அணியில் ஆடினார், வேல்ஸ் இளைஞர் அணியில் ஆடினார், நீத் கிளப்புக்கும் ஆடினார். கட்டாய ராணுவ சேவையில் இருந்தபோது ராணுவக் கோப்பை இறுதிப்போட்டி ஒன்றில் தனி ஆளாக ஆறு ட்ரை எடுத்தார். கார்டிஃப் கிளப்பிலிருந்து மட்டும் அழைப்பு வரவேயில்லை. காரணத்தை யாரும் எழுதி வைக்கவில்லை. அதற்கு அவசியமும் இருக்கவில்லை. வேல்ஸ் யூனியன் அணியில் ஒரு கறுப்பின வீரர் ஆட 1980கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதே காரணத்தைச் சொல்லிவிடுகிறது.

காசு வாங்கி ஆடுவது இழுக்கு என்றவர்கள், திறமைக்குக் காசு கொடுக்கத் தயாராக இருந்தவர்களைக் கேவலமாகப் பார்த்தார்கள். டைகர் பேயில் பிறந்த பையனின் அருமையை முதலில் புரிந்துகொண்டவர்கள் அந்தக் காசு கொடுத்தவர்கள்தான். அவருடைய விளையாட்டு வாழ்க்கையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இது.

விகனில் அவர் முதலில் களமிறங்கியது இரண்டாம் நிலை அணிக்காக. வழக்கமாக அதிகம் ஆள் வராத அந்த மாதிரி ஆட்டத்துக்கு அன்று 8,000 பேருக்கு மேல் வந்தார்கள். முதல் அணிக்கு ஆறே ஆட்டங்கள் ஆடிய நிலையில், 1954ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய, நியூசிலாந்துச் சுற்றுப்பயணத்துக்குப் பிரிட்டன் அணியில் இடம் கிடைத்தது. 1946 சுற்றுப்பயணத்தில் ராய் ஃபிரான்சிஸ் என்ற அருமையான கறுப்பின வீரரை அழைத்துப் போகாமல் விட்டவர்கள் லீக் நிர்வாகிகள். ஆஸ்திரேலியாவில் அப்போதிருந்த நிறவெறிக் கொள்கைக்குப் பயந்து செய்த காரியம் அது. எட்டு வருடம் கழித்து அந்தத் தடையை உடைத்துப் போன முதல் கறுப்பின வீரர் பாஸ்டன். கப்பலேறியபோது வயது 19. அந்தப் பயணத்தில் 18 ஆட்டங்களில் 36 ட்ரை எடுத்தார். ஆக்லாந்தில் நியூசிலாந்துக்கு எதிரான முதல் டெஸ்டில் மட்டும் நான்கு.

எதிரணியின் கோட்டைத் தாண்டிப் போய்ப் பந்தைத் தரையில் ஊன்றுவதுதான் ட்ரை. அன்று அதற்கு மூன்று புள்ளி. கபடியில் பாடிப் போனவர் ஏழு பேர் பிடியில் சிக்காமல் கோட்டுக்குத் திரும்புவதை நினைத்துக்கொள்ளலாம். இங்கே பிடிக்க வருபவர்கள் பதின்மூன்று பேர், ஓட வேண்டியது முன்னோக்கி. இன்று ஒரு அணி ஆறு முறை பிடிபட்டால் பந்தை விட்டுக்கொடுக்க வேண்டும். பாஸ்டன் காலத்தில், 1966 வரை, அப்படி எந்த வரம்பும் கிடையாது. ஒரு அணி எத்தனை நிமிடம் வேண்டுமானாலும் பந்தைத் தன்னிடமே வைத்திருக்கலாம். ஓரத்தில் நிற்கும் விங் வீரருக்குப் பந்து எப்போது வரும் என்று சொல்லவே முடியாது. நெடுநேரம் குளிரிலும் சேற்றிலும் சும்மா நின்றுவிட்டு, வந்த ஒரே பந்தைப் புள்ளியாக்கியாக வேண்டும்.

பாஸ்டன் சும்மா நிற்கிற ஆளாக இல்லை. ஓரத்தை விட்டு உள்ளே வந்து, பிடிபட்டவர் காலால் பின்னுக்குத் தள்ளும் பந்தைத் தானே எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் புகுவார். விங் வீரர்கள் ஒல்லியாக, வளைந்து நெளிந்து ஓடித் தப்பிக்கிறவர்களாக இருந்த காலத்தில், முன்வரிசை வீரருக்குரிய பருமனும் ஓட்டப்பந்தயக்காரரின் வேகமும் சேர்ந்த உடம்பு அவருக்கு. இடுப்பை ஒடித்து ஆளை ஏமாற்றவும் தெரியும். இடமில்லையென்றால் தோளைத் தாழ்த்தி மோதிக்கொண்டு போகவும் தெரியும். எதிரணி தாக்கும்போதும் அதே கதைதான். தன் இடத்தை விட்டுப் பாய்ந்து வந்து, பந்து கைக்கு வரும் அதே நொடியில் எதிராளியைச் சாய்ப்பார். கணிப்பு ஒரு நொடி பிசகினால் பின்னால் ஓரம் முழுக்கக் காலி. அந்த ஆபத்தைத் தெரிந்தே எடுத்தார்.

விகனுக்காக 488 ஆட்டங்களில் 478 ட்ரை. 1956-57 பருவத்தில் மட்டும் 60. ஒரே ஆட்டத்தில் ஏழு ட்ரை என்பதை இரண்டு முறை செய்தார். 1958, 1959, 1965 ஆண்டுகளில் சேலஞ்ச் கோப்பை, 1960இல் லீக் சாம்பியன் பட்டம். பிரிட்டனுக்காக 31 டெஸ்டுகளில் 24 ட்ரை. மொத்தக் கணக்கு 571. பிரிட்டிஷ் ரக்பி லீக் வரலாற்றில் அதைத் தாண்டியவர் ஒரே ஒருவர், வாரிங்டன் அணிக்கு ஆடிய ஆஸ்திரேலியர் பிரையன் பெவன்.

இத்தனைக்கும் நடுவில் 1957 வருகிறது. ஆஸ்திரேலியாவில் உலகக் கோப்பை முடிந்து திரும்பும் வழியில், பிரிட்டன் அணியும் பிரான்ஸ் அணியும் தென்னாப்பிரிக்காவில் காட்சி ஆட்டங்கள் ஆட ஏற்பாடாகியிருந்தது. நிறவெறி ஆட்சி நடந்த அந்த நாட்டில் வெள்ளையரோடு பாஸ்டன் ஆட முடியாது. ஆட்டங்களை ரத்து செய்யவில்லை. மற்ற வீரர்கள் தென்னாப்பிரிக்காவுக்குப் போக, பாஸ்டன் மட்டும் தனியே ஊர் திரும்பினார். தன்னை வரவேற்ற லீக்கும் சமயம் வந்தபோது தனக்காக நிற்கவில்லை என்பது அந்த 22 வயதுக்காரருக்கு எப்படி இருந்திருக்கும்! யூனியனின் பாகுபாட்டைப் பேசும்போது லீக்கின் இந்தக் கோழைத்தனத்தையும் சேர்த்தே பேச வேண்டும்.

விகன் மக்கள் அப்படி இல்லை. அந்த ஊர்ப் பெண்ணைத் திருமணம் செய்துகொண்டு அங்கேயே தங்கிவிட்டார் பாஸ்டன். ஆட்டத்தை விட்டபின் சென்ட்ரல் பார்க் மைதானத்துக்குப் பக்கத்தில் கிரிஃபின் என்ற மதுக்கடையைப் பல ஆண்டுகள் நடத்தினார். அவர் ஆடிய அந்த மைதானம் 1999இல் இடிக்கப்பட்டது. அங்கே இப்போது சூப்பர் மார்க்கெட் இருக்கிறது. 2016இல் ஊர் மக்கள் பணம் சேர்த்து நகரின் நடுவில் அவருக்குச் சிலை வைத்தார்கள்.

கார்டிஃப் அவரை அங்கீகரிக்க இன்னும் ஏழு ஆண்டுகள் ஆயின. 2023 ஜூலையில் கார்டிஃப் விரிகுடாப் பகுதியில் மூன்று பேர் சேர்ந்து நிற்கும் சிலை திறக்கப்பட்டது. பாஸ்டன் ஒருவர். அதே டைகர் பேயில் பிறந்த கஸ் ரிஸ்மன் இன்னொருவர். 41 வயதில் வொர்க்கிங்டன் அணிக்குத் தலைமை தாங்கி 1952 சேலஞ்ச் கோப்பையை வென்றவர். மூன்றாமவர் பக்கத்து ஸ்ப்ளாட் பகுதியில் பிறந்த கிளைவ் சல்லிவன். பிரிட்டனின் தேசிய அணி ஒன்றுக்குத் தலைமை தாங்கிய முதல் கறுப்பின வீரரான அவர், 1972 உலகக் கோப்பையை வாங்கித் தந்தார். மூவரும் வடக்கே போய்ப் பெயரெடுத்தவர்கள். சிலை வேண்டும் என்று கேட்டதும் அரசாங்கமோ ரக்பி சங்கமோ இல்லை, அந்தத் துறைமுகப் பகுதி மக்கள்.

யூனியன் 1995 ஆகஸ்டில், பிரிவினையின் நூற்றாண்டு நிறைகிற வாரத்தில், வீரர்களுக்குப் பணம் தர முடிவெடுத்துத் தொழில்முறை ஆட்டமாகிவிட்டது. நூறு வருடம் இழுக்கு என்று சொன்னதை ஒரே அறிவிப்பில் கைவிட்டார்கள். ஆனால் அரச மரியாதை விஷயத்தில் பழைய வித்தியாசம் அப்படியே இருந்தது. யூனியன் வீரர்கள் பலர் 'சர்' பட்டம் வாங்கினார்கள். லீக் வீரர் ஒருவர்கூட இல்லை. 2025 ஜூன் 10 அன்று, பக்கிங்ஹாம் அரண்மனையில் மன்னர் சார்லஸ் 90 வயது பாஸ்டனுக்கு அந்தப் பட்டத்தைக் கொடுத்தார். மறதிநோய் வந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. 130 ஆண்டு ரக்பி லீக் வரலாற்றில் முதல் 'சர்' அவர்.

இறந்தவர்களுக்கு அந்தப் பட்டம் தரும் வழக்கம் கிடையாது. சல்லிவன் 1985இல், 42 வயதில் புற்றுநோயால் இறந்துபோனார். ரிஸ்மன் 1994இல் போய்விட்டார். பாஸ்டன் தொண்ணூறைத் தொட்டதால்தான் லீக்குக்கு ஒரு பட்டமாவது கிடைத்தது.