எழுதிக் கொடுக்குமுன் ஒரு ஷரத்து

சார்பதிவாளர் அலுவலக பெஞ்சில் அமர்ந்து, கட்டைவிரல் மையைச் சேலைத் தலைப்பில் துடைத்தபடி, “பெற்ற பிள்ளைக்குத்தானே எழுதிக் கொடுத்தேன்” என்று நிறைவோடு சொன்ன தாய், ஓரிரு வருஷங்களில் மாத்திரைச் சீட்டும் கையுமாக உறவினர் வீட்டுத் திண்ணையில் ஒதுங்கி நிற்கும் பரிதாபத்தை நான் பலமுறை கண்டுவிட்டேன்.

அவர்கள் ரேகை வைத்த தான செட்டில்மெண்ட் பத்திரத்தில் “சர்வ சுதந்திர பாத்தியத்துடன்” என்ற வாசகம் தவறாமல் இருக்கும். வயோதிகத்தில் சோறும் மருந்தும் தரவேண்டியவர் யார் என்பதற்கு ஒரு வரியும் இராது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007, 23-ஆம் பிரிவின்படி, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, நிபந்தனை மீறப்பட்டால் மீட்கலாம். ஆனால் அந்நிபந்தனை இருந்தாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் கூறிவிட்டது. 2025-இல் அதே நீதிமன்றம் இச்சட்டத்துக்கு முதியோர்பால் தாராளமாகப் பொருள் கொண்டதை நம்பி யாரும் அசட்டையாக இருந்துவிடலாகாது.

ஆகவே, ஆயுள் உள்ளவரை அவ்வீட்டில் வசிக்கவும் வாடகை பெறவும் உரிமை தமக்கே என்றும், உணவு, வைத்தியம், படுக்கையில் விழுந்தால் பணிவிடை ஆகியவற்றைச் செய்யத் தவறினால் பத்திரம் ரத்தாகும் என்றும் பத்திர எழுத்தரிடம் சொல்லி எழுதுவித்து, முழுவதையும் படிக்கக் கேட்ட பிறகே ரேகை வையுங்கள். கைப்பணத்தையும் முழுதாகக் கொடுத்துவிடாதீர்கள். 60 வயதானவர்கள் தபால் நிலையத்து மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் ரூபாய் வரை தம் பெயரிலேயே போட்டு, மூன்று மாதத்துக்கொருமுறை வட்டி பெறலாம்.

ஏமாந்துவிட்டவர்கள், பத்திர நகல், வயதுச் சான்று, மருத்துவ ரசீதுகள், பிள்ளைகளின் விலாசம் இவற்றோடு வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்க வேண்டும். பராமரிப்புத் தீர்ப்பாயம் அவரே. வக்கீல் வேண்டியதில்லை. “குடும்ப விவகாரம், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்” என்று திருப்பி அனுப்பும் ஊழியரிடம் மறுவார்த்தை பேசாமல் எழுந்து வந்துவிடாதீர்கள். மனுவை ஏற்பது அவர்கள் கடமை. ஒப்புகைச் சீட்டை வாங்காமல் படியிறங்காதீர்கள். ஜீவனாம்சம் மாதம் 10,000 ரூபாய் வரை கிடைக்கலாம். உத்தரவு பாதகமானால் 60 நாட்களுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். வழி தெரியாதவர்கள் 14567 என்ற முதியோர் உதவி எண்ணை அழைக்கலாம்.

எனினும், பக்கவாதத்தில் கிடப்பவரை இரவும் பகலும் கவனிக்க ஆள் வைத்தால் அந்த 10,000 ரூபாய் பாதி மாதத்துக்கும் காணாது. ஆகையால் மறுபடியும் சொல்கிறேன்: ஷரத்து இல்லாத பத்திரத்தில், பெற்ற பிள்ளைக்கே ஆனாலும், ரேகை வைக்காதீர்கள்.