துப்பறியும் இணை

துப்பறியும் இணை என்பது குற்றப் புனைவுகளில், கூர்மதியும் விசித்திரமான பழக்கங்களும் கொண்ட ஒரு துப்பறிவாளரையும், அவருடன் எப்போதும் இருக்கும் ஒரு தோழரையும் மையமாக வைத்துக் கதையை நடத்தும் அமைப்பைக் குறிக்கும். ஆங்கிலத்தில் ஷெர்லாக் ஹோம்சும் மருத்துவர் வாட்சனும், வங்காளத்தில் வியோம்கேஷ் பக்சியும் அஜித்தும், தமிழில் கணேசும் வசந்தும் இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டுகள் ஆகும். அச்சில் தோன்றிய இவ்வமைப்பு பின்னர் திரைப்படத்திற்கும் தொலைக்காட்சிக்கும் பரவியது. தமிழைப் பொறுத்தவரை இது அச்சில் தழைத்த அளவிற்குச் சின்னத்திரையில் தழைக்கவில்லை எனலாம்.

தோற்றம்

அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ 1841 ஆம் ஆண்டு வெளியிட்ட சிறுகதையில் டூப்பின் என்னும் அறிவாளியும், அவருடைய செயல்களைக் கூறும் பெயரற்ற நண்பரும் இடம்பெற்றனர். இதுவே இவ்வமைப்பின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. ஆர்தர் கோனன் டாயில் 1887 இல் இதனைச் செம்மைப்படுத்தி ஹோம்சையும் வாட்சனையும் படைத்தார். தாம் மருத்துவம் பயின்ற எடின்பரோவில் நோயாளிகளைப் பார்த்த மாத்திரத்திலேயே அவர்தம் தொழிலைக் கூறிவிடும் ஆசிரியர் ஜோசப் பெல் என்பவரே ஹோம்சுக்கு முன்மாதிரி என்று டாயில் கூறியுள்ளார்.

தோழரின் பணி

தோழர் வெறும் துணைப்பாத்திரம் அல்லர். கதையின் இயக்கமே அவரைச் சார்ந்துள்ளது. துப்பறிவாளரின் மனத்தில் ஓடுவதை வாசகர் நேரடியாக அறிந்துவிட்டால் புதிர் முதல் பக்கத்திலேயே அவிழ்ந்துவிடும். அவர் கண்ட தடயங்களை வாசகருக்குக் காட்டாவிட்டாலோ அது ஏமாற்று ஆகிவிடும். தடயம் தெரியவேண்டும், அதன் பொருள் தெரியக்கூடாது என்ற இவ்விரு தேவைகளையும் ஒருசேர நிறைவேற்றுவதற்கே தோழர் தேவைப்படுகிறார். அவர் எல்லாவற்றையும் பார்க்கிறார். பார்த்ததைக் கோக்கத் தெரியாமல் நிற்கிறார். 1929 இல் துப்பறியும் கதைகளுக்குப் பத்து விதிகளை வகுத்த ரொனால்ட் நாக்ஸ், தோழர் தம் எண்ணங்களை வாசகரிடம் மறைக்கக்கூடாது என்றும், அவருடைய அறிவு சராசரி வாசகரின் அறிவைவிட மிகச் சிறிதளவு குறைந்திருக்கவேண்டும் என்றும் அவற்றுள் ஒன்றில் குறிப்பிட்டார்.

தொலைக்காட்சியில் இந்த ஏற்பாடு சிக்கலுக்கு உள்ளாகிறது. தோழர் கதைசொல்லியாக இருப்பதில்லை. அவ்விடத்தை ஒளிப்படக்கருவி எடுத்துக்கொள்கிறது. அது எதை அண்மைக் காட்சியாகக் காட்டுகிறதோ அதுவே தடயம் என்று பார்வையாளர் உடனே கண்டுகொள்வார். ஆகவே திரையில் தோழரின் வேலை மாறுகிறது. துப்பறிவாளரை வாய்விட்டுப் பேசவைப்பதும், அவருடைய பொறுக்கமுடியாத குணங்களை ஒருவராவது பொறுத்துக்கொள்ள முடியும் என்று காட்டுவதுமே அவர் பொறுப்பாகிறது. பி.பி.சி.யின் ஷெர்லாக் (2010–2017), அமெரிக்காவின் மங்க் (2002–2009) ஆகிய தொடர்கள் பெரிதும் இந்த உறவை நம்பியே நடந்தன. எலிமென்டரி (2012–2019) தொடரில் வாட்சன் ஒரு பெண்; அவர் நாளடைவில் தாமே துப்பறிவாளர் ஆகிறார்.

தமிழ் அச்சுலகில்

ஆனந்த விகடனில் தேவன் (ஆர். மகாதேவன், 1913–1957) எழுதிய துப்பறியும் சாம்பு, இவ்வமைப்பை அப்படியே தலைகீழாக்கிய படைப்பு ஆகும். சாம்பு ஓர் வங்கி எழுத்தர். ஊரார் கணிப்பில் அசடு. அவர் தவறுதலாகச் செய்யும் காரியங்கள் தற்செயலாகக் குற்றவாளியைப் பிடித்துக்கொடுத்துவிடும். காவல் ஆய்வாளர் கோபாலன் அவற்றையெல்லாம் மேதைமை என்று கருதி வியப்பார். வாட்சனின் வியப்பு இங்கே அப்படியே இருக்கிறது, ஹோம்சின் அறிவுதான் இல்லை. துப்பறிவாளரைவிட வாசகருக்கு அதிகம் தெரிந்திருக்கும் துப்பறியும் கதைகள் உலகிலேயே அரியவை. இவ்வகையில் தேவனின் ஆக்கம் நகைச்சுவை என்று மட்டும் ஒதுக்கப்படுவது சரியன்று.

சுஜாதா (எஸ். ரங்கராஜன், 1935–2008) படைத்த கணேஷ், 1968 இல் குமுதத்தில் வெளிவந்த நைலான் கயிறு தொடரில் முதன்முதலாகத் தோன்றினார். வசந்த் பின்னரே வந்து சேர்ந்தார். இருவரும் சென்னையில் தொழில் புரியும் வழக்கறிஞர்கள். கணேஷ் நிதானமும் தருக்கமும் உடையவர். வசந்த் குறும்பும் பெண்களிடம் அசட்டுத் துணிச்சலும் உடையவர். இங்கு விசித்திரக் குணங்கள் மேதைக்கு அல்லாமல் தோழருக்கு அளிக்கப்பட்டுள்ளன என்பது கவனிக்கத்தக்கது. வசந்த் பலமுறை சொல்லத் தொடங்கி ஒருமுறைகூட முழுமையாகச் சொல்லாத மெக்சிகோ சலவைக்காரி நகைச்சுவை வாசகரிடையே தனிப் புகழ் பெற்றது. மேலும், வசந்த் அறிவிற் குறைந்தவர் அல்லர். பல வழக்குகளில் முடிச்சின் ஒரு முனை அவர் கையில்தான் கிடைக்கும். நாக்சின் விதி இங்குப் பொருந்தாது.

1980களில் பேருந்து நிலையக் கடைகளில் விற்பனையான மாத நாவல்கள் ஆண்-பெண் இணைகளைப் பரவலாக்கின. ராஜேஷ்குமாரின் விவேக்-ரூபலா, பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்-சுசீலா, சுபாவின் நரேந்திரன்-வைஜெயந்தி ஆகியோர் அவர்களுள் முக்கியமானவர்கள். பரத்தும் சுசீலாவும் மூன்லைட் என்னும் நிறுவனத்தையும், நரேந்திரனும் வைஜெயந்தியும் ஈகிள்ஸ் ஐ என்னும் நிறுவனத்தையும் சார்ந்தவர்கள். சம்பளம் பெற்றுத் துப்பறியும் பெண் என்ற கருத்தை இந்நாவல்கள் சிற்றூர் வாசகர் வரை கொண்டுசென்றன. எனினும் இறுதி அத்தியாயத்தில் புதிரை விளக்கும் உரிமை பெரும்பாலும் ஆணிடமே இருந்தது.

திரையிலும் தொலைக்காட்சியிலும்

கணேஷ் 1977 இல் காயத்ரி திரைப்படத்தில் ஜெய்சங்கராகவும், 1978 இல் ப்ரியா திரைப்படத்தில் ரஜினிகாந்தாகவும் தோன்றினார். காயத்ரியில் வெண்ணிற ஆடை மூர்த்தி வசந்தாக நடித்தார். நட்சத்திர நாயகனை முன்னிறுத்தும் திரைப்படத்தில் இருவர் சரிசமமாக உரையாடித் துப்பறிவதற்கு இடம் குறைவு. வாசகர்கள் மனத்தில் இருந்த கணேசும் வசந்தும் திரையில் கிடைக்கவில்லை என்ற குறை இன்றளவும் கூறப்படுகிறது.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கப்பட்டது. தூர்தர்ஷன் காலத்தில் துப்பறியும் சாம்பு தொடராக வந்தபோது காத்தாடி ராமமூர்த்தி சாம்புவாக நடித்தார். ஆயினும் அக்காலத் தமிழ்ப் பார்வையாளர்கள் கண்ட முழுமையான துப்பறியும் இணைகள் இந்தியில் இருந்தன. 1985 இல் ஒளிபரப்பான கரம்சந்த் தொடரில் பங்கஜ் கபூர் காரட்டைக் கடித்துக்கொண்டே யோசிக்கும் துப்பறிவாளராகவும், சுஷ்மிதா முகர்ஜி அவரிடம் ஓயாமல் வசவு வாங்கும் உதவியாளர் கிட்டியாகவும் நடித்தனர். 1993 இல் பாசு சாட்டர்ஜியின் இயக்கத்தில் வியோம்கேஷ் பக்சி வந்தது. ரஜித் கபூரும் கே. கே. ரெய்னாவும் அதில் வியோம்கேஷாகவும் அஜித்தாகவும் நடித்தனர். சரதிந்து பந்தோபாத்யாய படைத்த வியோம்கேஷ், துப்பறிவாளர் என்ற சொல்லை விரும்பாது தம்மை உண்மையைத் தேடுபவர் என்றே அழைத்துக்கொள்பவர்.

தேசிய ஒளிபரப்பு நேரத்தில் வேறு அலைவரிசை இல்லாததால் இந்தி அறியாதவர்களும் இத்தொடர்களைப் பார்த்தனர். மலைகள் சூழ்ந்த கம்பம் பள்ளத்தாக்கில், சின்னமனூரை அடுத்த மார்க்கையன்கோட்டை போன்ற பேரூர்களுக்கும் இது பொருந்தும். வசனம் புரியாதவருக்கும் காரட் புரியும். யார் மேதை, யார் தோழர், யார் யாரை அதட்டுகிறார் என்பது ஒலியை நிறுத்திவிட்டுப் பார்த்தாலும் விளங்கும். துப்பறிவாளரின் விசித்திரப் பழக்கங்கள் மொழி எல்லைகளைக் கடந்து செல்வதற்கு இதுவும் ஒரு காரணம் ஆகும்.

தனியார் தொலைக்காட்சிகள் வந்தபின் தமிழ்த் தொடர்கள் வேறு பாதையில் சென்றன. 1990களின் பிற்பகுதியில் இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்கிய மர்மதேசம் வரிசை பெரும் வரவேற்பைப் பெற்றது. அதன் விடாது கருப்பு பகுதியில், கருப்பசாமி தண்டிப்பதாக ஊரார் நம்பும் கொலைகளுக்கு இறுதியில் பிளவுபட்ட ஆளுமை என்ற உளவியல் விளக்கம் தரப்படுகிறது. இங்குக் கேள்வி யார் கொன்றார் என்பதாக மட்டும் இல்லை; கொன்றது மனிதரா தெய்வமா என்பதாகவும் இருக்கிறது. இக்கேள்வியைச் சுஜாதா கொலையுதிர் காலத்தில் ஏற்கெனவே எழுப்பியிருந்தார். நம்பிக்கையும் ஐயமும் மோதும் இத்தகைய கதைகளில் ஒற்றை மேதைக்கு அதிக வேலை இல்லை. ஊர் முழுவதுமே கதைமாந்தர் ஆகிவிடுகிறது. 2022 இல் இணையத் தொடராக வெளிவந்த சுழல் இதனைக் காவல்துறையினரோடு இணைத்தது. அதில் ஆய்வாளர் ரெஜினாவும் (ஸ்ரேயா ரெட்டி) உதவி ஆய்வாளர் சக்கரையும் (கதிர்) மயானக் கொள்ளைத் திருவிழா நடக்கும் ஓர் ஊரில் விசாரணை செய்கின்றனர். இவர்களுள் எவரும் மேதையாகவோ விசித்திரமானவராகவோ காட்டப்படவில்லை.

சட்டமும் புனைவும்

இத்தொடர்களின் உச்சக்கட்டம் பெரும்பாலும் ஒரே மாதிரியானது. சந்தேகத்திற்குரியவர்கள் ஓர் அறையில் கூடியிருக்க, துப்பறிவாளர் விளக்க, குற்றவாளி உடைந்து ஒப்புக்கொள்வார். இந்தியாவில் இதன் சட்ட மதிப்பு குறைவு. காவல் அலுவலரிடம் அளிக்கப்படும் ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக மெய்ப்பிக்கக்கூடாது என்று 1872 ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் 25 ஆம் பிரிவில் கூறியது. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியமும் 23 ஆம் பிரிவில் இதனைத் தொடர்கிறது. அடித்து வாங்கப்படும் வாக்குமூலங்களிலிருந்து மக்களைக் காப்பதே இதன் நோக்கம். ஆனால் அவ்வாக்குமூலத்தின் விளைவாக ஆயுதம் போன்ற ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அக்கண்டுபிடிப்போடு தொடர்புடைய பகுதியை மட்டும் மெய்ப்பிக்கலாம்.

தனியார் துப்பறிவாளரிடம் ஒப்புக்கொள்வது இத்தடையின்கீழ் வராது. நீதிமன்றங்கள் அதனை வலுக்குறைந்த சான்றாகவே கருதி, வேறு ஆதாரம் கேட்பது வழக்கம். குற்றவாளி ஏற்கெனவே காவலில் இருக்க, ஆய்வாளர் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தால் அந்த வாய்ப்பும் போய்விடும். அப்போது நடுவர் முன்னிலையில் சொன்னால்தான் செல்லும். கணேசையும் வசந்தையும் சுஜாதா வழக்கறிஞர்களாகப் படைத்ததன் வசதி இங்கு விளங்கும். சிறையில் இருப்பவரைச் சந்திக்கவும், சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யவும் அவர்களுக்குச் சட்டப்படி இடமுண்டு. மூன்லைட்டுக்கும் ஈகிள்ஸ் ஐக்கும் அவ்வுரிமை இல்லை. தனியார் துப்பறியும் நிறுவனங்களை முறைப்படுத்த 2007 இல் மாநிலங்களவையில் கொண்டுவரப்பட்ட மசோதா சட்டமாகவில்லை.