கடைசிப் பந்தியின் கணக்கு

பொதுசுகாதார ஊட்டச்சத்துப் பாடத்தில் குடும்ப உணவுக் கணக்கெடுப்பு என்றொரு களப்பயிற்சி உண்டு. மாணவர்கள் ஒரு வீட்டுக்குப் போய், அன்றைய அரிசி, பருப்பு, எண்ணெயைச் சமைக்குமுன் நிறுத்து, 'நுகர்வு அலகு'களால் வகுப்பார்கள். உட்கார்ந்து வேலைபார்க்கும் ஆண் 1.0, பெண் 0.8, கடும் உழைப்பென்றால் 1.6, 1.2. இவை கலோரித் தேவைக்கான பின்னங்கள். வகுத்து வரும் விடையோ, தேவைப்படியே சோறு பங்கிடப்பட்டதாக வைத்துக்கொள்கிறது. குடும்பம் ஒரு சமபந்தி என்கிற கற்பிதம் இந்த வகுத்தலுக்குள் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறது. இரும்புச்சத்துக்கு வந்தால் பின்னமே தலைகீழ்: 2020இல் ஐ.சி.எம்.ஆர். பரிந்துரைத்தது ஆணுக்கு நாளொன்றுக்கு 19 மில்லிகிராம், பெண்ணுக்கு 29.

ஆகவே, ஆளாளுக்குத் தனியாகக் கேட்கும் 24 மணிநேர நினைவுகூரலையும் அதே வீட்டில் செய்யவைக்க வேண்டும் என்பேன். "நேத்து என்ன சாப்பிட்டீங்கக்கா?" என்றால் "சாம்பார் வச்சேன், பொரியல் வச்சேன்" என்றுதான் வரும். அது சமைத்ததன் பட்டியல். "நீங்க உக்காரும்போது சட்டியில எவ்வளவு இருந்துச்சு?" என்று, அளவுக் கிண்ணத்தைக் காட்டி, மறுபடி கேட்கத் தெரியணும். (மாமியார் பக்கத்தில் நின்றால் பதில் வேறு.) வகுப்புக்குத் திரும்பி இரண்டு எண்களையும் கரும்பலகையில் எழுதட்டும். வித்தியாசத்தை அளவீட்டுப் பிழையென்று வாத்தியார் அழிக்குமுன், யார் தட்டில் குறைந்தது என்று மாணவர்கள் பேசியாக வேண்டும்.