முதல் வேலை: வாசிக்கச் சொல்லிக்கொடுப்பது

படிப்பில் பின்தங்கிய ஒரு பதின்வயது மாணவரைக் கூப்பிட்டு, "நீ போய்ச் சின்னப் பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடு, சம்பளமும் உண்டு" என்றால் எந்தத் தலைமை ஆசிரியரும் தயங்குவார். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், சான் அன்டோனியோ நகரில் 1984-இல் அதைத்தான் துணிந்து செய்தார்கள்.

ஐடிஆர்ஏ என்ற கல்வி ஆய்வு அமைப்பு தொடங்கிய அந்தத் திட்டத்துக்கு 'வேல்யூட் யூத்' என்று பெயர். பணம் கொடுத்தது கோகோ கோலா நிறுவனம். தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் மெக்சிக அமெரிக்கக் குடும்பத்துப் பிள்ளைகள். ஆங்கிலம் தடுமாறும், வருகைப் பதிவேட்டில் பல நாள் பெயருக்கு எதிரே வெற்றிடம். படிப்பைப் பாதியில் விட்டுவிடுவார்கள் என்று பள்ளியே கணக்கெழுதி வைத்திருந்தவர்கள்.

வேலை இதுதான். ஆரம்பப் பள்ளிக்குப் போய், ஒருவர் மூன்று குழந்தைகளை வைத்துக்கொண்டு வாசிக்கப் பழக்க வேண்டும். வாரத்துக்கு நான்கு மணி நேரமாவது இது நடக்கும். அதற்குக் குறைந்தபட்சக் கூலி உண்டு. குழந்தை ஒரு சொல்லில் முட்டிக்கொண்டு நிற்கும்போது உடனே சொல்லிவிடக் கூடாது. குழந்தை தானே முயலும்வரை காத்திருக்க வேண்டும். நாளைக்கு வாசிக்கப்போகும் கதையை இன்றே தானும் உரக்கப் படித்துப் பார்க்காமல் அந்தப் பக்கம் போக முடியாது. இப்படித்தான் பத்து வயதில் விட்டுப்போன வாசிப்பைப் பதினைந்து வயதில், யாருக்கும் முன்னால் தலைகுனியாமல், அந்தப் பிள்ளைகள் மீட்டுக்கொள்கிறார்கள்.

வாரத்தில் ஒருமுறை ஒருங்கிணைப்பாளரான ஆசிரியரோடு உட்கார வேண்டும். எந்தக் குழந்தை ஏன் வாய் திறக்க மறுக்கிறது, எந்தப் புத்தகம் எடுபடவில்லை என்று பேசுவார்கள். இந்தத் திட்டத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்று சொல்லலாம். பிள்ளையின் குறையைக் கண்டிக்க அல்ல, அவருடைய வேலையைப் பற்றிப் பேச ஒரு பெரியவர் வாராவாரம் எதிரே வந்து உட்காருகிறார். பல வீடுகளில் கிடைக்காத பேச்சு அது.

திட்டம் அதோடு நிற்கவில்லை. இந்தப் பிள்ளைகளைப் போன்ற பின்னணியிலிருந்து மேலே வந்தவர்களை வகுப்புக்கு அழைத்துப் பேச வைத்தார்கள். பிள்ளைகளை வெளியே கூட்டிப்போய்ப் பணியிடங்களையும் கல்லூரிகளையும் காட்டினார்கள். தொழில் வழிகாட்டல் என்ற பெயரில் அரங்கம் நிறைய மாணவர்களை உட்கார வைத்து ஒருவர் உரையாற்றிவிட்டுப் போவதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. இந்தப் பிள்ளைகள் ஏற்கெனவே ஒரு வேலையில் இருப்பவர்கள். நேரத்துக்குப் போவது, பொறுப்பெடுப்பது, கூலி வாங்குவது எல்லாம் தெரியும். அதனால் விருந்தினரிடம் அவர்கள் கேட்கும் கேள்வியும் வேலை பார்ப்பவர் கேட்கும் கேள்வியாக இருக்கும்.

பலன் கிடைத்ததா? 1992-இல் வெளியான மதிப்பீட்டின்படி, இரண்டு ஆண்டுகளில் ஒப்பீட்டுக் குழுவில் 12 விழுக்காட்டினர் படிப்பை நிறுத்தியிருந்தார்கள். சொல்லிக்கொடுத்த பிள்ளைகளில் 1 விழுக்காடு மட்டுமே. பிறகு இதே முறை பிரிட்டனுக்கும் பிரேசிலுக்கும் போனது.

வாஷிங்டன் நகரில் மார்க் ஹெக்கர் 2009-இல் தொடங்கிய 'ரீச்' அமைப்பும் இதே வழியில் நடக்கிறது. உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் பள்ளி முடிந்ததும் ஊதியத்தோடு இரண்டாம், மூன்றாம் வகுப்புக் குழந்தைகளுக்கு வாசிப்புத் துணை ஆகிறார்கள். சொல்லிக்கொடுக்கும் மாணவர்களில் பலரே தங்கள் வகுப்புக்குரிய வாசிப்பு நிலையை எட்டாதவர்கள். தங்களிடம் படிக்கும் குழந்தைகளைப் போன்றவர்கள் கதைப் புத்தகங்களில் அதிகம் இல்லையே என்று பட்டதால், கோடையில் அவர்களே சிறுவர் கதைகளை எழுதவும் செய்கிறார்கள். எழுத்துப் பயிற்சியாளர், ஓவியர், பதிப்பாளர் என்று புத்தகத் தொழிலில் இருப்பவர்களோடு சேர்ந்து உழைத்த பிறகு, அத்தொழில் அவர்களுக்கு எட்டாக்கனி அல்ல.

இந்த யோசனையின் வேர்களில் ஒன்று நம் மண்ணில் இருக்கிறது. சென்னை எழும்பூரில் இருந்த ராணுவ அனாதைச் சிறுவர் இல்லத்துக்கு 1789-இல் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். தன் இல்லத்திலும் அப்படிக் கற்பிக்கப் பெரியவர்களான துணையாசிரியர்கள் மறுத்ததும், 8 வயது ஜான் ஃபிரிஸ்கனிடம் அந்தப் பொறுப்பைக் கொடுத்தார். சட்டாம்பிள்ளை பாடம் சொல்லித்தரும் திண்ணைப் பள்ளி வழக்கத்தை ஒட்டிய அந்த முறை, 'மெட்ராஸ் முறை' என்று பிரிட்டன் முழுவதும் பரவியது. ஆனால் பெல்லின் நோக்கம் குறைந்த செலவில் நிறையப் பேருக்குப் பாடம் நடத்துவது. சொல்லிக்கொடுக்கும் பிள்ளை என்ன ஆகிறது என்ற அக்கறை மையத்துக்கு வரப் பல தலைமுறைகள் ஆயின.

இன்று தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் வாசிப்பு இயக்கத்தின் நுழை, நட, ஓடு, பற என்ற படிநிலைப் புத்தகங்கள் இருக்கின்றன. வேலைவாய்ப்புத் திறனுக்கும் உயர்கல்வி வழிகாட்டலுக்கும் 2022-இல் வந்த 'நான் முதல்வன்' திட்டம் இருக்கிறது. இரண்டையும் இணைக்க ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருவர் போதும்: கையில் ஒரு 'நட' புத்தகம், எதிரே ஒரு குழந்தை, வாரம் ஒருமுறை பேச ஓர் ஆசிரியர், மாதம் ஒருமுறை ஊரிலிருந்து ஒரு செவிலியரோ, மெக்கானிக்கோ, வங்கி ஊழியரோ. பயணப்படி அளவுக்காவது ஒரு தொகையும் வேண்டும். பிள்ளைகளை வைத்து இலவச வேலை வாங்குவதாக இது ஆகிவிடக் கூடாது. முன்னாள் மாணவர் சங்கங்களும் பள்ளி மேலாண்மைக் குழுக்களும் வரும் கல்வியாண்டிலேயே ஒரு பள்ளியில் தொடங்கிப் பார்க்கலாம்.