சனிக்கிழமையோடு முடியும் அட்டை

“சனிக்கிழமையோடு மாத்திரை முடிகிறது. புதுச் சீட்டு இல்லாமல் தரமாட்டேன் என்கிறார் கடைக்காரர். டாக்டர் ஊரில் இல்லை. பேசாமல் நிறுத்திவிடட்டுமா?”

ஆறு வருடமாக அல்ப்ரஸோலாம் சாப்பிடும் வாசகி ஒருவர் எழுதியது இது. பதற்ற மாத்திரை பற்றி வந்த மற்ற கடிதங்களும் இதே கேள்வியைத்தான் சுற்றிவருகின்றன. அவருக்குச் சனிக்கிழமைக்குள் பதில் வேண்டும். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரேயடியாக நிறுத்தாதீர்கள், அம்மா. அட்டை தீருமுன், பழைய சீட்டோடு அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கோ வேறொரு மருத்துவரிடமோ போய்விடுங்கள். ஆறு வருடம் என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.

ஏன் ஒரேயடியாக நிறுத்தக் கூடாது?

மூளையை அடக்கிவைக்க உடம்பே தயாரிக்கும் வேதிப்பொருள் காபா. அது நரம்பு செல்லில் வந்து உட்கார்ந்ததும் ஒரு வாசல் திறந்து குளோரைடு அயனிகள் உள்ளே போகின்றன. செல்லின் துடிப்பு தணிகிறது. அல்ப்ரஸோலாம், குளோனாஸெபாம், டயஸெபாம், லோராஸெபாம் போன்றவை அந்த வாசலைத் தாமாகத் திறப்பதில்லை. காபா வந்து உட்காரும்போது அது அடிக்கடி திறக்கும்படி செய்கின்றன. படபடப்பு சீக்கிரம் அடங்குவது இதனால்தான்.

தினமும் இந்த உதவி வந்துகொண்டே இருந்தால், மூளை தன் பங்கைக் குறைத்துக்கொள்கிறது. மாத்திரையை நிறுத்திய பிறகும் அந்தக் குறைவு உடனே சரியாவதில்லை. நெஞ்சு அடித்துக்கொள்ளும், கை நடுங்கும், தூக்கம் போய்விடும். எந்தத் தொல்லைக்காக மாத்திரையை ஆரம்பித்தாரோ, அதே தொல்லை. ‘பழைய வியாதி திரும்பிவிட்டது’ என்று நோயாளி நினைக்கிறார், வீட்டாரும் நினைக்கிறார்கள். ஐந்து நிமிடத்தில் பார்த்து அனுப்பும் மருத்துவரும் பழைய சீட்டையே திரும்ப எழுதிவிடுகிறார். மருந்து உண்டாக்கிய தொல்லையே, மருந்து வேண்டும் என்பதற்குச் சாட்சியாகிவிடுகிறது. வருடக்கணக்கில் பலர் மாட்டிக்கொண்டிருப்பது இந்த இடத்தில்தான்.

பழைய வியாதியையும், மருந்தை நிறுத்துவதால் வரும் ‘மருந்து விலகல்’ தொல்லையையும் பிரித்தறிய நாள்கணக்கு உதவும். பழைய வியாதி பெரும்பாலும் வாரக்கணக்கில், மெல்லத் திரும்பும். அல்ப்ரஸோலாம் உடம்பில் பாதியாகக் குறைய ஏறக்குறைய 11 மணி நேரமே ஆகும் என்பதால், நிறுத்திய ஓரிரு நாளிலேயே தொல்லை ஆரம்பித்துவிடும். சிலருக்கு அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பே. டயஸெபாம் என்றால் ஒரு வாரம்கூட ஆகலாம். வெளிச்சம் கூசுவது, குக்கர் விசில்கூடத் தாங்க முடியாமல் போவது, தோலில் ஏதோ ஊர்வது என முன்பு இல்லாதவை வந்தால் மருந்து விலகலைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிரே போகலாம்.

டாக்டர் எழுதியபடி சாப்பிட்டாலுமா?

ஆம். ‘சீட்டில் உள்ளபடி சாப்பிட்டால் பயமில்லை’ என்பதை நான் பாதிதான் ஏற்கிறேன். எழுதிய அளவிலேயே சாப்பிட்டாலும், சில நாளிலிருந்து சில வாரத்துக்குள் உடம்பு மருந்தைச் சார்ந்துவிடலாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2020 செப்டம்பரில் எச்சரித்தது. இந்த மாத்திரைகளை இரண்டிலிருந்து நான்கு வாரம் தந்தால் போதும் என்று பிரிட்டனில் 1988-லேயே அறிவுறுத்தினார்கள்.

இங்கே இந்தியாவில் 2014 மார்ச் முதல் அல்ப்ரஸோலாமும் டயஸெபாமும் எச்1 அட்டவணையில் இருக்கின்றன. மருத்துவர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாவற்றையும் கடைக்காரர் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். இதைக் கடுமையான கட்டுப்பாடு என்கிறார்கள். ஆனால் நோயாளி எத்தனை மாதமாகச் சாப்பிடுகிறார் என்று அந்தப் பதிவேடு கேட்பதில்லை. நம் வாசகியைப் போன்றவர்களுக்கு அந்தக் கேள்விதான் முக்கியம்.

நான் அந்த மாத்திரையே சாப்பிடவில்லையே?

அட்டையைத் திருப்பிப் பாருங்கள். வயிற்றுப் பிசைவுக்கு என்று தரும் ஒரு மாத்திரையில் கிளிடினியம் 2.5 மி.கி.யோடு குளோர்டயஸெபாக்ஸைடு 5 மி.கி. இருக்கிறது. பின்னது இதே குடும்பத்து மருந்து. மனச்சோர்வுக்கான எஸிட்டலோப்ராமையும் குளோனாஸெபாமையும் ஒரே மாத்திரையாக விற்கிறார்கள். அதை நிறுத்துகிறவர் இரண்டு மருந்தை ஒரே நாளில் நிறுத்துகிறார்.

எப்படிக் குறைப்பது?

மருத்துவர் மேற்பார்வையில், மெதுவாக. 1 மி.கி.யிலிருந்து 0.75-க்கு வருவது கால் பங்கு குறைப்பு. 0.5-லிருந்து 0.25-க்கு வருவது பாதி. இரண்டிலும் குறைவது அதே கால் மில்லிகிராம்தான் என்றாலும் மூளைக்கு இரண்டும் ஒன்றல்ல. அதனால் கடைசிப் படிகள் இன்னும் சின்னதாக இருக்க வேண்டும். இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்கு ஒருமுறை 5 முதல் 10 சதவீதம் என்று தொடங்கச் சொல்கிறது அமெரிக்க மருத்துவ அமைப்புகளின் 2025 வழிகாட்டுதல்.

மது? கூடவே கூடாது, மூச்சு அடங்கிவிடலாம். டிராமடால், கோடீன் வலிமருந்துகளோடும் அதே ஆபத்து.

வண்டி ஓட்டலாமா? தூக்கக் கலக்கம் இருக்கும்வரை வேண்டாம்.

வயதானவர்கள்? இரவில் பாத்ரூம் போகும்போது விழுந்து இடுப்பெலும்பு முறியும் ஆபத்து அதிகம்.

கர்ப்பிணிகள்? தொடர்வதோ நிறுத்துவதோ, மருத்துவரிடம் கேட்டுத்தான்.

அப்படியானால் கெட்ட மருந்தா? இல்லை. ஓயாத வலிப்பிலும் குடியை நிறுத்தும்போது வரும் நடுக்கத்திலும் உயிர் காப்பது இதே குடும்பம்தான்.

இரவில் யாரிடம் கேட்பது? டெலி மானஸ், 14416. கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். வலிப்பு வந்தால் 108.