மார்கழியில் ஐந்து நாள்

டிசம்பர் கடைசியில் சென்னைக்காரர்களுக்குப் பேச்சு கச்சேரியும் சபா கேன்டீனும்தான். கொஞ்சம் தெற்கே இறங்கினால், 22 முதல் 26 வரை ஊருக்கு ஊர் ஒரு நினைவு நாள்.

முதலில் பிறந்தநாள். 1887 டிசம்பர் 22-இல் ஈரோட்டில் பிறந்தார் கணிதமேதை ராமானுஜன், வளர்ந்தது கும்பகோணம். காகிதம் வாங்கக் காசில்லாமல் சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையாலேயே அழித்த மனிதர். சாரங்கபாணி சன்னதித் தெருவில் அவர் வீடு இன்றும் இருக்கிறது.

1964-இல் அதே 22-ஆம் தேதி இரவு தனுஷ்கோடியைப் புயல் அடித்தது. பாம்பனிலிருந்து கிளம்பிய பாசஞ்சர் ரயில், நூறு பேருக்கு மேற்பட்ட பயணிகளோடு கடலில் போனது. உடைந்த பாம்பன் பாலத்தை ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன் 46 நாளில் நிமிர்த்தினார். ஊர் நிமிரவில்லை.

24, 25 தலைவர்களின் நாள். 1972 டிசம்பர் 25-இல் ராஜாஜி மறைந்தபோது, அரசியலில் நெடுங்காலம் அவரை எதிர்த்த பெரியார் சக்கர நாற்காலியில் வந்து அழுதார். மறு ஆண்டு 24-ஆம் தேதி அவரும் போய்விட்டார். இருவருக்கும் வயது 94. எம்.ஜி.ஆர். மறைந்ததும் ஒரு 24-ஆம் தேதிதான், 1987-இல். மாலைக்குக் குறைவிருக்காது.

ஆனால் 25 என்றால் எனக்கு முதலில் கீழ்வெண்மணிதான். 1968. விவசாயக் கூலிகள் கேட்டது கூலியில் அரைப்படி நெல் கூடுதலாக; அதோடு, ஏற்றிய செங்கொடியை இறக்க மாட்டோம் என்றார்கள். மிராசுதார்களின் அடியாட்கள் வந்த இரவில் பெண்களும் பிள்ளைகளும் முதியவர்களும் ராமையா என்பவரின் குடிசைக்குள் ஒடுங்கினார்கள். கதவை அடைத்துத் தீ வைத்தார்கள். 44 பேர். அத்தனை பேரும் தலித் கூலி விவசாயக் குடும்பத்தினர். காரும் நிலமும் உள்ள மிராசுதார்களா நேரில் போய்க் கொளுத்துவார்கள் என்று ஐயப்பட்டு உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. இந்தத் தீர்ப்பைப் பள்ளிப் பாடத்தில் வைக்கலாம்.

அடுத்த நாள் 26. 2004-இல் அது ஞாயிற்றுக்கிழமை. தமிழ்நாட்டில் சுனாமி அதிகம் பேரைக் கொண்டுபோனது கீழ்வெண்மணி இருக்கும் இதே நாகப்பட்டினம் மாவட்டத்தில், ஆறாயிரத்துக்கும் மேல். கிறிஸ்துமஸுக்கு வேளாங்கண்ணி வந்தவர்களும் அதில் உண்டு.

இந்த டிசம்பரில் வேளாங்கண்ணி போகிறவர்கள் ஒரு நடை கீழ்வெண்மணிக்கும் போய் வாருங்கள். கீழ்வேளூர் வழியாகப் போனால் தேவூருக்குப் பக்கம்தான்.