வடம் பிடிக்க வாருங்கள்!

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். அவர்கள் இக்காலத்துப் புதுச்சேரியில் வாசம் செய்திருந்தால், "விழா நடத்திப் பார்" என்பதையும் கூடவே சேர்த்திருப்பார்கள். பந்தல் போடுவதும் விளக்குக் கட்டுவதும் இப்போது பெரிய காரியமல்ல. அந்தப் பந்தலுக்கு ஜனங்களை வரவழைப்பதே பெரிய காரியம். அதற்கென்று ஸ்தாபனங்கள் ஏற்பட்டு, விழா விளம்பரம் ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்துவிட்டது. விருந்தினரை வைத்தே பிழைக்கும் நம் ஊருக்கு இதன் நன்மை தீமைகளை ஆராய்வது அவசியமாகும்.

விழாவைக் கொண்டு சரக்கு விற்பது புதிய தந்திரம் என்று எண்ண வேண்டாம். நம் ஊரை நெடுங்காலம் ஆண்ட பிரெஞ்சுக்காரரின் தேசத்திலேயே இதற்குப் புகழ் பெற்ற உதாரணம் ஒன்று உண்டு. 'லோட்டோ' என்னும் விளையாட்டுப் பத்திரிகை, போட்டிப் பத்திரிகையை விற்பனையில் முந்துவதற்கு வழி தேடி, 1903-ஆம் ஆண்டில் தேசத்தைச் சுற்றி வரும் சைக்கிள் பந்தயம் ஒன்றை ஆரம்பித்தது. அதுதான் 'டூர் டி பிரான்ஸ்'. பத்திரிகை அச்சான காகிதம் மஞ்சள் நிறம். 1919 முதல் பந்தயத்தில் முன்னிற்கும் வீரர் அணியும் சட்டையும் மஞ்சள் நிறம். 1930 முதல் வியாபாரிகளின் விளம்பர வண்டிகள் வீரர்களுக்கு முன்னே ஊர்வலமாகச் செல்லத் தொடங்கின. பிறகு நடந்ததுதான் வேடிக்கை. 1944-இல் அந்தப் பத்திரிகை மறைந்துவிட்டது. பந்தயமோ இன்றும் நடக்கிறது. தங்கள் வீட்டு வாசல் வழியே சென்ற விழாவைக் கிராமத்து ஜனங்கள் தங்கள் சொந்த விழாவாகவே ஏற்றுக்கொண்டார்கள். சரக்கு விற்பதற்காகப் பிறந்த விழா, சரக்கு போன பிறகும் பிழைத்திருப்பது இதனால்தான்.

நம் ஊரிலேயே இதைவிடச் சிறந்த பாடம் இருக்கிறது. வீராம்பட்டினம் என்னும் மீனவக் கிராமத்தில் செங்கழுநீர் அம்மனுக்கு ஆடி மாதத்து வெள்ளிக்கிழமையில் தேரோட்டம் நடைபெறுகிறது. பிரெஞ்சு ஆட்சியில் கவர்னரே வந்து வடம் பிடிப்பது வழக்கமாயிருந்தது. 1954 நவம்பர் 1-ஆம் தேதி ஆட்சி கைமாறியது, வழக்கம் மாறவில்லை. இன்று துணைநிலை ஆளுநர் முதலியோர் வந்து வடம் பிடிக்கிறார்கள். "பிரபலஸ்தர் வருகிறார், வாருங்கள்" என்று இன்றைய விளம்பரக்காரர் எழுதுகிறாரே, அந்த உபாயத்தை வீராம்பட்டினத்தார் எப்போதோ கையாண்டுவிட்டார்கள். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே பிரபலஸ்தர் மேடைமேல் நிற்பதில்லை. எல்லோரும் பிடிக்கும் வடத்தையே அவரும் பிடிக்கிறார். வலைஞனின் கையும் ஆளுநரின் கையும் ஒரே வடத்தில் விழுந்தால்தான் தேர் நகர்கிறது. வந்தவருக்கெல்லாம் ஒரு வேலை இருக்கிறது.

நமக்கு வடக்கே ஆரோவில் நகருக்கு 1968 பிப்ரவரி 28-ஆம் தேதி கால்கோள் விழா நடந்தபோதும் இதே சூட்சுமம்தான் விளங்கிற்று. 124 நாடுகளின் இளைஞர்கள் தத்தம் தேசத்திலிருந்து ஒரு பிடி மண் கொண்டுவந்து, தாமரை மொட்டுப் போன்ற தாழியில் இட்டார்கள். கண்டு போக வந்தவர்கள் அல்லர் அவர்கள்; கொண்டு வந்தவர்கள்.

இனி இன்றைய போக்கைப் பார்ப்போம். ஒரு காலத்தில் தண்டோரா போட்டதும், துண்டு நோட்டீஸ் கொடுத்ததும், சுவரொட்டி ஒட்டியதும் ஆகிய வேலைகளையெல்லாம் இன்று கைப்பேசி ஒன்றே செய்கிறது. விழாவுக்கு முன்னால் சிறு சிறு சலனப் படங்கள் வெளிவருகின்றன. ஆயிரக்கணக்கானோர் பின்தொடரும் இன்ஸ்டாகிராம் பிரமுகர்கள் பேசுகிறார்கள். கட்டங்கட்டமான குறியைக் கைப்பேசிக்குக் காட்டினால் நுழைவுச் சீட்டு வந்துவிடுகிறது. விழா முடிந்த மறுநாளே, "எப்படி இருந்தது?" என்ற விசாரணையும் வருகிறது. இதில் நன்மை இல்லாமல் இல்லை. காசில்லாத தெருக்கூத்துக் குழுவும், சிறு வாசகசாலையும், பெரிய கம்பெனிக்குச் சமமாகத் தங்கள் அழைப்பை ஊரெங்கும் பரப்ப முடிகிறது. வீதியை மறைக்கும் பதாகைகளுக்கும் அவசியம் குறைகிறது.

மற்றொரு போக்கு, விழாவோடு ஊரையே சேர்த்து விற்பது. ஜனவரி 4 முதல் 7 வரை நடைபெறும் சர்வதேச யோகா விழாவுக்கும், வெளியூரார் இங்கு வந்து நடத்தும் கல்யாணங்களுக்கும், ஆங்கிலப் புத்தாண்டு இரவுக்கும் நமது கடற்கரையும் மஞ்சள் சுவர் வீதிகளுமே விளம்பரப் படமாகின்றன. இதனால் விடுதிக்காரர், ஆட்டோக்காரர், பூக்காரி எல்லோருக்கும் வரும்படி உண்டு. ஆனால் அந்தப் படங்களில் ஊர் இருக்கிறது, ஊரார் இல்லை. அந்த வீதியில் குடியிருப்பவர் புத்தாண்டு இரவில் உறக்கத்தை இழந்து, மறுநாள் வாசலில் குப்பையைக் கூட்டுகிறார். இப்படியே போனால் சொந்த ஊர்த் திருவிழாவில் நாமே அயலார் ஆகிவிடுவோம்.

எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் விரும்பினார்கள் என்று எண்ணிக் காட்டுவதே இத்தொழிலின் பெருமை. உபாத்தியாயராகிய நமக்கு இந்த எண்ணிக்கையில் அவ்வளவு நம்பிக்கை ஏற்படுவதில்லை. வருகைப் பதிவேட்டில் பெயர் இருப்பதனால் பாடம் மனத்தில் ஏறிவிட்டதென்று எந்த ஆசிரியரும் சொல்லத் துணியார். அழைப்பு வெற்றி பெற்றும் விழா தோற்றுப் போவதுண்டு. 2023 செப்டம்பர் 10-ஆம் தேதி, சென்னைக்கருகே கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடந்த ஏ. ஆர். ரகுமானின் 'மறக்குமா நெஞ்சம்' இசை நிகழ்ச்சியில், பணம் கொடுத்துச் சீட்டு வாங்கிய பலர் உள்ளே நுழையவே முடியாமல் திரும்பினார்கள். பெண்களும் குழந்தைகளும் நெரிசலில் அவதியுற்றார்கள். நடத்தியவர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். விளம்பரத்தில் ஒரு குறையும் இல்லை. வந்தவரை வரவேற்கத்தான் இடமில்லை.

ஆகவே நம் ஊரில் விழா எடுப்போருக்கு மூன்று வார்த்தை சொல்வோம். முதலாவது, இடத்தை அளந்த பிறகு சீட்டை அச்சிடுங்கள். இரண்டாவது, வெளியூருக்குப் படம் அனுப்பும் முன்பு, அந்தத் தெருவாரைத் தமிழில் வாயார அழையுங்கள். வெற்றிலை பாக்கு வைத்தால் இன்னும் நல்லது. மூன்றாவது, வந்தவர் கைக்கு ஏதேனும் ஒரு வேலை கொடுங்கள். கோலம் போடட்டும், பாடட்டும், பரிமாறட்டும், கடைசியில் குப்பையையாவது கூட்டட்டும். கைப்பேசி மட்டும் பிடித்த கை, வீட்டுக்குப் போனதும் விழாவை மறந்துவிடும். வடம் பிடித்த கையோ அடுத்த ஆடி எப்போது வரும் என்று காத்திருக்கும்.